மணலில் தொடங்கிய அச்சகம்

விழா மலர் என்றால் நிறுவனரின் படம் முதல் பக்கத்தில் வந்துவிடும். தரங்கம்பாடி அச்சகத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் சீகன்பால்கு ஐயரின் படத்தோடுதான் தொடங்குவார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்தப் படத்தில் இடம் கிடைக்காத சிலரைப் பற்றி இங்கே கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை.

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்குவும் அவருடைய தோழர் புளூட்சோவும் அப்போது டேனியர் வசம் இருந்த தரங்கம்பாடியில் கரையேறினார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய ஜெர்மானியப் பாதிரிகள் அவர்கள். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. வயதான திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடி, பிள்ளைகளையும் சேர்த்துத் தங்கள் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார்கள். ஊர்ப் பிள்ளைகளோடு பிள்ளைகளாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரல் வைத்து அகரம் எழுதிப் பழகினார்கள். இதில் ஒரு சங்கடம் இருந்தது. வாத்தியாருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. எழுத்து கைக்கு வந்துவிட்டது, பொருள் சொல்ல ஆளில்லை!

அங்கேதான் அழகப்பன் வருகிறார். டேனிஷ் கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். போர்த்துக்கீசியம் உட்பட ஐரோப்பிய மொழிகள் சில தெரிந்தவர். ஜெர்மானிய ஏடுகளில் அவர் பெயர் 'அலெப்பா' என்று உருமாறிக் கிடக்கிறது. சீகன்பால்குவின் தமிழுக்குச் சதை பிடித்தது அவரால். இந்தப் பாதிரிகளோடு சேர்ந்ததற்காக அவர் தரங்கம்பாடியை விட்டே போக நேர்ந்தது. ஆனாலும் அவர் மதம் மாறவில்லை. பின்னாளில் தமிழர்கள் எழுதியவையாக ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான 'மலபார் கடிதங்கள்' பலவற்றில் அவர் கை இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சமயத்தில் ஒத்துப்போகாத இருவர் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்த வேலை இது. நம் மலர்களில் இந்த நட்புக்கு ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை.

ஐயர் கற்றது பேச்சோடு நிற்கவில்லை. ஏட்டுச்சுவடிகளைத் தேடத் தொடங்கினார். தமிழ் எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பி, இறந்துபோன அந்தணர்களின் விதவைகளிடமிருந்து சுவடிகளை விலைக்கு வாங்கினார். 1708இல் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியலே எழுதினார். திருக்குறளும் சிவவாக்கியமும் அதில் உண்டு. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் கத்திக் கத்திப் படித்த பாடங்கள்தாமே அவை! அவரும் அந்தப் பிள்ளைகளில் ஒருவராக இருந்தவர்தான். ஆனால் அந்த மொழிபெயர்ப்பு அச்சானது 1930இல். தமிழர் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த நூலும் 1867 வரை அச்சேறவில்லை. ஹாலேயில் இருந்து இந்த மிஷனை வழிநடத்திய பெரியவர் பிராங்கேக்கு அதில் விருப்பமில்லை. புறச்சமயத்தைப் பரப்பவா உங்களை அனுப்பினோம் என்பது அவர் நிலை.

இனி அச்சகத்துக்கு வருவோம். தரங்கம்பாடியில் நடந்த மிஷன் பள்ளிகளுக்குப் புத்தகம் வேண்டும். எழுத்தர்களைச் சம்பளத்துக்கு வைத்து ஓலையில் எழுதுவித்தால் எத்தனை பிரதிதான் தேறும்? இலண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் 1711இல் ஓர் அச்சு எந்திரத்தைக் கப்பலேற்றியது. கூட வந்தவர் யோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுத் தொழிலாளி. பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து மீண்டு வரும் வழியில், நன்னம்பிக்கை முனையை நெருங்கும்போது ஃபிங்க் இறந்துபோனார். 1712இல் எந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது.

மறு ஆண்டு ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன, ஆட்லர் என்ற அச்சுத் தொழிலாளியும் வந்தார். எழுத்துகளை வார்த்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. இங்கிருந்து போன மாதிரியைப் பார்த்து வார்த்தார்கள். ஒவ்வோர் எழுத்தும் பெரிதாக வந்து காகிதத்தைத் தின்றது. ஆட்லர் பொறையாற்றில் பட்டறை போட்டுச் சிறிய எழுத்துகளை வார்த்தார். அதற்கு ஈயம், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் மூடியிலிருந்து கிடைத்தது என்பார்கள். காகிதமும் போதவில்லை, பொறையாற்றிலேயே காகிதப் பட்டறை ஒன்றையும் தொடங்கினார்கள். 1708 அக்டோபரில் மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிய ஏற்பாடு, இடையில் டேனிஷ் ஆளுநர் போட்ட நான்கு மாதச் சிறையையும் தாண்டி, 1715இல் புத்தகமாயிற்று. கூட நின்று உழைத்த சக மிஷனரி குருண்ட்லரின் பெயரையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு திருத்தம். தமிழில் முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில் வந்தது என்று மலருக்கு மலர் எழுதிவருகிறார்கள். தவறு. 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. இந்திய மொழி ஒன்றில் புதிய ஏற்பாடு முழுமையாக முதலில் அச்சானது தரங்கம்பாடியில். அந்தப் பெருமை போதாதா?

குறைகளையும் மறைக்க வேண்டாம். அந்த அச்சகத்தின் தொடக்க நூல்களில் ஒன்று, 1713இல் வந்த 'அக்கியானம்'. இந்நாட்டுச் சமயத்தைக் கடுமையாகத் தாக்கும் சிறு நூல் அது. கொன்றைவேந்தனை மொழிபெயர்த்த அதே கை எழுதியது. புதிய ஏற்பாட்டின் தமிழ்நடையும் கரடுமுரடானது. கத்தோலிக்கப் பாதிரியான வீரமாமுனிவர் அதைக் கேலி செய்தார். சமயச் சண்டை அதில் பாதி என்றாலும் மீதிப் பாதி நியாயம்தான்.

1719 பிப்ரவரி 23 அன்று ஐயர் இறந்தார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமானார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் அவரால் மொழிபெயர்க்க முடிந்தது. மற்றதை அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே முடித்தார்.

மலரை வாங்கும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஐயர் தேடித் தேடி வாங்கிய சுவடிகளைப் போல, உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா காலத்து வேதாகமமோ, பாட்டுப் புத்தகமோ, பள்ளிப் பாடநூலோ, ஓலைக்கட்டோ இருக்கலாம். கறையான் அரித்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு நூலகத்தில் காட்டுங்கள்.