லாரியட்: ஒரு சுருக்குக் கயிற்றின் பெயர் வழி

கௌபாய் படங்களில், பாயும் குதிரையிலிருந்து மாட்டின் கொம்பை நோக்கிச் சுழற்றி வீசும் சுருக்குக் கயிற்றுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பெயர்கள் உண்டு: லாஸோ, லாரியட். இரண்டையும் ஆங்கிலத்துக்குத் தந்தது ஸ்பானிய மொழி.

லாஸோ என்றால் சுருக்கு. கண்ணியைக் குறிக்கும் ‘லக்குவேயுஸ்’ என்ற லத்தீன் சொல் அதன் வேர். அதே வேர் பழைய பிரெஞ்சின் வழியே ஆங்கிலத்துக்குள் சென்று ‘லேஸ்’ ஆயிற்று. நாம் காலணியில் கட்டும் லேஸும் லாஸோவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

லாரியட்டின் பிறப்பு இன்னும் சுவையானது. ஸ்பானிய மொழியில் ‘ரெயாட்டா’ என்பது ஒரு விலங்கின் பின் இன்னொன்றை வரிசையாகப் பிணைக்கும் கயிறு. ‘மீண்டும் கட்டு’ என்னும் பொருள்கொண்ட வினையிலிருந்து வந்தது. பெண்பாற் சொல்லாதலால் அதன் முன் ‘லா’ என்ற சுட்டு நிற்கும். மெக்சிகோவின் மாடு மேய்ப்பவர்களான வாக்கேரோக்கள் ‘லா ரெயாட்டா’ என்று சொன்னதை, ஆங்கிலம் பேசிய குடியேறிகள் ஒரே சொல்லாகக் கொண்டார்கள். அதற்கு முன்னால் தங்கள் மொழிச் சுட்டையும் சேர்த்தார்கள். சுட்டின்மேல் சுட்டு ஏறியது! முதலை இனத்தைக் குறிக்கும் ‘அலிகேட்டர்’ பிறந்ததும் இப்படித்தான்: ‘எல் லகார்ட்டோ’, அதாவது பல்லி.

பழைய ரெயாட்டா மாட்டுத்தோலில் உருவானது. பதனிடாத தோலை விளிம்பிலிருந்து நடுவரை வட்டமாகச் சுற்றிச் சுற்றி அறுத்து நீண்ட வார்களாக்குவார்கள். ஈரப்பதத்தில் நான்கு புரியாகவோ எட்டுப் புரியாகவோ பின்னி, கொழுப்புத் தடவிப் பதப்படுத்துவார்கள். கலிஃபோர்னியாவில் 60 அடி நீளக் கயிறு சாதாரணம்.

தோல்கயிறு திடீர் வெட்டிழுப்பைத் தாங்காது, அறுந்துவிடும். அதனால் மாடு சிக்கியதும், கயிற்றைச் சேணத்தின் கொம்பில் முடிச்சிடாமல் சுற்றி மட்டும் பிடித்து, வேண்டிய அளவு நழுவவிடுவார்கள். ‘சுற்று போடு’ என்பதற்கு வாக்கேரோக்கள் சொன்ன ‘தாலே வுவெல்டா’ ஆங்கிலக் காதில் தேய்ந்து ‘டேலி’ ஆயிற்று. டெக்சாஸ்காரர்களோ குட்டையான, உறுதியான நார்க்கயிற்றைக் கொம்பிலேயே கட்டிவிட்டார்கள். கயிறு மாறியதும் வித்தையும் மாறியது.

ரோடியோ, ராஞ்ச், கோரல் என அத்தொழிலின் சொற்கள் பலவும் ஸ்பானியக் கொடையே. வாக்கேரோ என்ற பெயர்கூடத் திரிந்து ‘பக்கரூ’ ஆனது. கயிறு வீசும் கலையை உள்ளடக்கிய சர்ரேரியா என்னும் மெக்சிகோவின் குதிரையேற்ற மரபை யுனெஸ்கோ 2016இல் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கௌபாயின் வரலாற்றை எழுதுவோர் முதல் அத்தியாயத்தை மெக்சிகோவின் வாக்கேரோவுக்கே ஒதுக்க வேண்டும்.