நெய்யாற்றங்கரையில் மன்னராட்சி வீழ்ந்த விதம்

நெய்யாற்றங்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் பொந்து விழுந்த பழைய பலா அடிமரம் ஒன்று உண்டு. ஊரார் அதை 'அம்மச்சிப் பிலாவு' என்பார்கள். அரச அதிகாரத்தை எதிர்த்த பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்களுக்குத் தப்பிய இளவரசர் மார்த்தாண்ட வர்மா அந்தப் பொந்துக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது செவிவழிச் செய்தி. 1729இல் பட்டத்துக்கு வந்து அவர் கட்டியெழுப்பிய திருவிதாங்கூரின் படை, 1938 ஆகஸ்ட் 31 அன்று அதே ஊரில் மக்களைச் சுட்டது.

மன்னராட்சியை மக்கள் கவிழ்ப்பது என்றதும் 1792இல் பாரிஸ் மக்கள் துய்லரி அரண்மனைக்குள் புகுந்ததும், 1917இல் பெட்ரோகிராடு படைவீரர்கள் சுட மறுத்துக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டதும் நினைவுக்கு வரும். திருவிதாங்கூரில் இரண்டும் நடக்கவில்லை. கௌடியார் அரண்மனைக் கதவை யாரும் உடைக்கவில்லை. 1946 அக்டோபரில் தொழிலாளர் கிளர்ச்சி நடந்த புன்னப்ராவிலும் வயலாரிலும்கூடப் படை சொன்னபடியே சுட்டது. ஆனாலும் மன்னராட்சி போயிற்று. அது போன வழியைத் தலைநகரைவிட, நெய்யாற்றங்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட ஊர்களில் நின்று பார்த்தால் நன்றாகப் புரிந்துகொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் சிக்கல், அரியணை யாருடையது என்பது. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா நாட்டை ஸ்ரீபத்மநாபருக்கு ஒப்படைத்தார். 'திருப்படிதானம்' எனப்படும் அந்தச் சடங்குக்குப் பின் மன்னர் 'பத்மநாபதாசர்' ஆனார். கடவுளின் பெயரில் ஆளும் ஊழியர். வரி வாங்குவதும் சிறைக்கு அனுப்புவதும் தலைமை அமைச்சரான திவானின் வேலை. குடிமக்களின் கோபம் திவானோடு நின்றுவிடும், பக்தி மட்டும் அரியணைக்குப் போய்ச் சேரும். இந்த ஏற்பாட்டை வாளால் வெட்ட முடியாது. நம்பிக்கையில் விரிசல் விழ வேண்டியிருந்தது.

அந்த விரிசல் இந்த வட்டாரத்தில்தான் தொடர்ந்து விழுந்தது. 1888இல் நெய்யாற்றின் கரையில், அருவிப்புறத்தில், ஸ்ரீநாராயண குரு பிராமணரல்லாத ஒருவர் செய்யக் கூடாதென்றிருந்த சிவப் பிரதிஷ்டையைச் செய்தார். சில ஆண்டுகளில் வெங்ஙானூர் அய்யங்காளி, புலையர் நடக்கக் கூடாத பொதுச்சாலையில் வில்லுவண்டி ஓட்டினார். இரண்டிலும் மன்னருக்கு எதிராக ஒரு சொல்லும் இல்லை. ஆனால் கோயிலுக்குள் யார், தெருவில் யார் என்று தீர்மானிக்கும் உரிமையின் மேல்தான் அந்த அரசு நின்றுகொண்டிருந்தது. இவற்றைச் சமூகச் சீர்திருத்தம் என்று தனிப் பெட்டியில் போட்டுவிட்டு, அரசியல் வரலாற்றை 1938இல் தொடங்கும் வழக்கம் ஆய்வாளர்களிடம் இருக்கிறது. அது பெரிய பிழை.

நெய்யாற்றங்கரையில் பிறந்த கே. ராமகிருஷ்ண பிள்ளை அடுத்த அடியை எடுத்து வைத்தார். வக்கம் அப்துல் காதர் மௌலவிக்குச் சொந்தமான 'சுதேசாபிமானி' இதழின் ஆசிரியராக, திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைத் தாக்கியதோடு நிற்காமல், மன்னர்கள் தங்களைக் கடவுளின் பிரதிநிதிகளாக எண்ணிக்கொள்வதையே கேள்வி கேட்டார். 1910 செப்டம்பர் 26இல் அச்சகம் பறிமுதலானது. அவர் திருநெல்வேலிக்கு நாடுகடத்தப்பட்டார். 1912இல் மலையாளத்தில் கார்ல் மார்க்ஸின் வரலாற்றை எழுதி, 1916இல் கண்ணூரில் இறந்தார். சொந்த ஊருக்கு அவர் திரும்பவே இல்லை.

1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மன்னர் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளியிட்டார். நூற்றாண்டுகளாக வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கோயிலுக்குள் போனார்கள். அந்த நன்றியுணர்வு உண்மையானது. அதை ஏமாந்த மக்களின் உணர்வு என்று தள்ளிவிடுவது அம்மக்களை அவமதிப்பதாகும். ஆகவே 1938 பிப்ரவரியில் பட்டம் தாணு பிள்ளை, டி.எம். வர்க்கீஸ் முதலியோர் தொடங்கிய ஸ்டேட் காங்கிரஸ், மன்னரை நீக்கச் சொல்லவில்லை. மன்னரின் கீழ் பொறுப்பாட்சி கேட்டது. குற்றச்சாட்டுகள் எல்லாம் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் மேல்தான்.

ஆகஸ்டில் சட்ட மறுப்பு தொடங்கியது. ஸ்டேட் காங்கிரஸுக்குத் தடை வந்தது. 31ஆம் தேதி தலைவர் என்.கே. பத்மநாப பிள்ளையைக் கைது செய்ததும் நெய்யாற்றங்கரையில் கூட்டம் திரண்டது. படை சுட்டது. அத்தாழமங்கலம் வீரராகவன் உள்ளிட்டோர் உயிரிழந்தார்கள். அதுவரை திவானுடைய போலீஸின் அடியை வாங்கிய மக்கள், மன்னருடைய படையின் குண்டை முதன்முறையாகக் கண்டது அப்போதுதான் எனலாம். திவான் வேறு, அரசர் வேறு என்ற பழைய ஏற்பாடு அன்று பழுதானது. ஒரு மாதத்துக்குள் கடைக்கலிலும் கல்லறை-பாங்ஙோட்டிலும் கிளர்ச்சி வெடித்தது. அக்டோபர் 23 அன்று அக்காம்மா செறியான் தலைமையில் பெருங்கூட்டம் அரண்மனை நோக்கி நடந்தது. அன்று படை சுடவில்லை. சிறையிலிருந்த தலைவர்களுக்கு விடுதலை கிடைத்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும்: திருவிதாங்கூர் மன்னராட்சியை முடித்தது டெல்லிதானே? பிரிட்டிஷாரின் மேலாதிக்கம் 1947 ஆகஸ்ட் 15இல் முடிந்ததும், வைஸ்ராய் மவுண்ட்பேட்டனும் சமஸ்தானத் துறைச் செயலர் வி.பி. மேனனும் பேசியதும் காரணங்கள்தானே? மறுப்பில் பாதி நியாயம் உண்டு. ஆனால் 1947 ஜூன் 11 அன்று தனிநாடாக இருக்கப்போவதாக சி.பி. அறிவித்தபோது, நீண்ட கடற்கரை, துறைமுகம், மோனசைட் மணல், படை எல்லாம் அவர் கையில் இருந்தன. தெருவில் ஆதரவு மட்டும் இல்லை. ஒன்பது ஆண்டுகளின் துப்பாக்கிச் சூடுகள் அதைத் தின்றிருந்தன. ஜூலை 13இல் திருவனந்தபுரம் பேட்டையில் மீண்டும் சூடு. 25இல் சுவாதித் திருநாள் விழாவில் கே.சி.எஸ். மணி திவானை வெட்டினார். 30ஆம் தேதி மன்னர் இந்தியாவில் சேர ஒப்புக்கொண்டு தந்தி அடித்தார். டெல்லி தள்ளிய கதவின் கீல்களை மக்கள் முன்பே கழற்றியிருந்தார்கள்.

1948 பிப்ரவரியில் வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்து 120 பேர் கொண்ட சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். மார்ச்சில் பட்டம் தாணு பிள்ளை தலைமையில் மக்கள் அமைச்சரவை வந்தது. ஆனால் 'மக்கள்' என்பதில் யாரெல்லாம் அடக்கம்? ஏ. நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அச்சபையில் 14 இடங்களைப் பிடித்து இக்கேள்வியைக் கேட்டது. தோவாளை முதல் விளவங்கோடு வரையிலான வட்டங்களோடு நெய்யாற்றங்கரையின் தென்பகுதியையும் அது தமிழகத்துக்குக் கோரியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் இணைப்புக் கோரிய தமிழர்களைப் போலீஸ் சுட்டபோது முதலமைச்சர் அதே பட்டம் தாணு பிள்ளைதான். அவர் விலக வேண்டும் என்று அவருடைய பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் ராம் மனோகர் லோகியாவே கேட்டார். 1938இல் மன்னரின் படையை எதிர்த்தவரின் ஆட்சியே 1954இல் சுட்டது வலி தரும் உண்மை. திவானை மட்டும் குறிவைத்த கிளர்ச்சி, திவான் பயன்படுத்திய போலீஸையும் அதன் பழக்கங்களையும் தொடாமலே விட்டிருந்தது.

மன்னரும் முழுதாகப் போய்விடவில்லை. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி உருவானபோது அவர் அம்மாநிலத்தின் அரசியல் சட்டத் தலைவரான ராஜப்பிரமுகர் ஆனார். நேபாளத்தில் 2006 ஏப்ரல் எழுச்சிக்கும் 2008 மே மாதக் குடியரசு அறிவிப்புக்கும் இடையே இரண்டு ஆண்டுகள். இங்கே 1947 முதல் ஒன்பது ஆண்டுகள் இந்த இடைநிலை நீடித்தது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. மார்த்தாண்ட வர்மாவின் நாடு இரண்டாகப் பிரிய, ராஜப்பிரமுகர் பதவியும் அதே நாளில் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது.