கடன்பட்டுக் கற்றலும் கற்றபின் ஊதியமும்

குப்பனூர் வழியே ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலை காப்பித் தோட்டங்களுக்குச் செல்லும் சாலையாகும். 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார் என்பர். இன்றும் இங்கு விளையும் அராபிகா வகைக்கு நியூயார்க்குச் சந்தையின் விலையே அளவுகோல். ஆதலின் பன்னாட்டு வணிகம் என்னும் படிப்பு நம் பிள்ளைகட்கு அந்நியமானதன்று. மூட்டை சுமந்தவரின் பேரன் அம்மூட்டையின் விலையைக் கணிக்கக் கற்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதற்குக் கடன் வாங்கலாமா என வினவும் பெற்றோர்க்கு ஒரே சொல்லில் விடை கூற நம்மால் இயலவில்லை.

கடனென்றால் நம் மக்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. சென்ற நூற்றாண்டுகளில் சேலம், திருச்சி முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வழி இலங்கைத் தோட்டங்கட்குச் சென்றோருள் நம்மவர் பலர். வழிச்செலவும் முன்பணமும் அவர்கள் பெயரில் கடனாயின. வேறு தோட்டம் செல்ல வேண்டுமாயின், கடன் தொகையைக் குறித்துத் துரை தரும் 'துண்டு' வேண்டும். புதிய தோட்டத்தார் அக்கடனை அடைத்தாலன்றி ஆளை விடார். கணக்கை எழுதியவர் ஒருவர், சுமந்தவர் மற்றொருவர். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்முறை ஒழிந்தது.

அண்ணல் அம்பேத்கரின் கல்வியும் ஒப்பந்தத்தோடு பிணைந்ததே. 1913இல் பரோடா மன்னர் அளித்த உதவித்தொகை திங்களுக்குப் பதினொன்றரைப் பவுன், மூன்றாண்டுக்கு. படிப்பு முடிந்ததும் பத்தாண்டு பரோடா அரசில் பணியாற்றுவதாக அவர் கையொப்பமிட வேண்டியிருந்தது. கொலம்பியாவில் அவர் எம்.ஏ. பட்டத்துக்கு எழுதிய ஆய்வின் பொருள் பண்டைய இந்திய வாணிகம் என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும். 1917இல் பரோடாவில் பணியேற்றார். அத்துணைப் பெரிய படிப்பாளிக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டு பம்பாய் திரும்பினார். 1918இல் சிடனாம் வணிகவியல் கல்லூரியில் ரூ. 450 மாத ஊதியத்தில் பேராசிரியரானார். அவ்வூதியத்தில் மிச்சம் பிடித்து, கோல்காப்பூர் மன்னர் சாகு மகராசரின் உதவியும் நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற கடனும் சேர்த்து, 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். பட்டம் பெற்ற உடனே ஊதியம் வந்து கடன் தீரும் என்னும் கணக்கில், சாதி இடையிட்டுக் குறுக்கே நின்றதை இவ்வரலாறு காட்டுகிறது. இன்றைய கணக்கிலும் அதற்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டியுள்ளது.

இனி எண்களுக்கு வருவோம். ஈராண்டு மேலாண்மைப் படிப்புக்கு ஆண்டுக்கு நான்கு இலட்சமாக எட்டு இலட்சம், நூற்றுக்குப் பத்து வட்டியில் வாங்குவதாகக் கொள்வோம். படிப்புக் காலத்திலும் பின் ஓராண்டிலும் தவணை கிடையாது; ஆனால் வட்டி நிற்பதில்லை. தனிவட்டியாகவே அது இரண்டு இலட்சமாகிறது. ஆகப் பத்து இலட்சம். பத்தாண்டில் அடைப்பதாயின் மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 13,215. ஊதியம் ரூ. 25,000 எனில் பாதிக்கு மேல் தவணைக்கே போகும், ரூ. 45,000 எனில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. பதினைந்தாண்டாக நீட்டினால் தவணை ரூ. 10,746 ஆகும், ஆனால் மொத்தத்தில் மூன்றரை இலட்சத்தை ஒட்டிய தொகை கூடுதலாகக் கட்ட வேண்டும்.

கல்லூரிகள் விளம்பரத்தில் இடுவது முதலிடம் பெற்றவனின் சம்பளம். நாம் கேட்க வேண்டியது வகுப்பின் நடுவில் நிற்பவனின் சம்பளம். அதைச் சொல்ல மறுக்கும் இடத்தில் கடன்பட்டுச் சேர்தல் கூடாது என்பது நம் கருத்து.

கடனுக்கு முன் உதவித்தொகையைத் தேட வேண்டும். ஆதிதிராவிட மாணவர்க்கான மேற்கல்வி உதவித்தொகை 1944இல் அண்ணல் வைசிராயின் நிருவாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கியது. இன்று பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்குள் இருத்தல் வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்குரிய தேசிய உதவித்தொகை 1954-55 முதல் உள்ளது, அது கடனன்று. 2009இல் வந்த மைய அரசின் வட்டி மானியம், இந்தியாவில் தகுதிபெற்ற நிறுவனங்களில் தொழிற்படிப்பு பயில்வோரில் நாலரை இலட்சத்துக்குள் வருமானமுடைய குடும்பத்தார்க்கு உரியது. மேற்காட்டிய இரண்டு இலட்ச வட்டி அதனால் நீங்கும், தவணை ரூ. 10,572 ஆகக் குறையும்.

இன்னொன்று. வங்கிகளின் பொது விதிப்படி ஏழரை இலட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. 2015 முதல் அரசின் உத்தரவாத நிதியும் அத்தொகை வரைக்கே துணை நிற்கிறது. எட்டு இலட்சம் என்றதும் வீட்டுப் பட்டாவைக் கொண்டு வரச் சொல்வர். நம் குடும்பங்களில் பலர்க்கு அந்தப் பட்டா ஒன்றே சொத்து. குறையும் ஐம்பதாயிரத்தை விடுதிச் செலவைக் குறைத்தோ சங்கத்தின் கல்வி நிதியிலிருந்தோ திரட்ட முடியுமா என்று, விண்ணப்பத்தில் தந்தையார் கையொப்பமிடுவதற்கு முன்பே வந்து கேளுங்கள்.