பேன்ட் அளவில் ஒரு பரிசோதனை

எஞ்சினியரான எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை, பேராசிரியர் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் செய்தது. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் ராணுவ மருத்துவராக இந்தியாவிலும் இருந்தவர். ஊர் திரும்பியதும், மாரடைப்பு ஏன் பெருகுகிறது என்று தேடத் தொடங்கினார்.

லண்டனில் மாடி பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டரோ டிக்கெட் போட ஒரு நாளில் 500 முதல் 750 படி ஏறுவார். சுமார் 31,000 ஊழியர்களின் விவரங்களை அலசி, 1953-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்: கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, அதனால் வரும் திடீர்ச் சாவும் குறைவு.

சரி, குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போகிறார்களோ? இங்கேதான் மனுஷன் அசத்தினார். யூனிஃபார்ம் தைக்க எழுதிவைத்த பேன்ட் இடுப்பளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு இளம் வயதிலேயே பெரிசு! தன் முடிவையே இடிக்கிற இந்தக் கணக்கை 1956-இல் அவரே வெளியிட்டார். (கிராஃபுக்கு ஒத்துவராத ரீடிங் லேபில் என்ன பாடுபடும் என்று இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்குத் தெரியும்.) பிற்பாடு ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று பிரித்துப் பார்த்தார்கள். எந்தப் பிரிவிலும் திடீர்ச் சாவு டிரைவர்களிடமே அதிகம்.

அப்போதும் விடவில்லை. உட்கார்ந்தே வேலை பார்க்கும் அரசு ஊழியர்களிடம், ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று 1968 முதல் கேட்டு எழுதி, வருடக்கணக்கில் தொடர்ந்தார். வேர்க்க விறுவிறுக்க உடற்பயிற்சி செய்தவர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. இதில் வேலை குறுக்கிடவில்லை, எல்லோருக்கும் நாற்காலிதான்.

1996-இல் ஒலிம்பிக் கமிட்டியின் விளையாட்டு அறிவியல் பரிசு அவருக்கும் அமெரிக்கரான பாஃபன்பார்கருக்கும் கிடைத்தது. 2009-இல் காலமானபோது மாரிஸுக்கு வயது 99.