ஒரே நாற்காலி, மூன்று சர்டிபிகேட்

நடுவர் அவர்களே! "வேலை வாங்கித் தருவது படிப்பா, சாமர்த்தியமா?" என்பது தலைப்பு. எதிரணி அம்மா கேட்டுட்டுப் போனாங்க, "படிச்சவன் எல்லாம் சும்மாதானே உட்கார்ந்திருக்கான்?" என்று. கொஞ்சம் பழைய கதையைப் பார்ப்போம்.

1844-ல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் ஓர் உத்தரவு போட்டார். இங்கிலீஷ் படிப்பு படித்தவனுக்கே சர்க்கார் வேலையில் முன்னுரிமை. அன்றைக்குப் பிடித்த ஆசைதான் நமக்கு! 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளை. கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டு வந்தாரே, அவரேதான். வாத்தியார் வேலை, கணக்கு அலுவலகத்தில் வேலை, பிறகு புதுக்கோட்டையில் நீதிபதி. ஒரு பட்டத்துக்கு எத்தனை கதவு திறந்திருக்கு பாருங்க!

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அப்பா 1956-ல் எஸ்.எஸ்.எல்.சி. அதுவே போதும், தாலுகா ஆபீசில் கிளார்க். நான் 1979-ல் பி.காம். அதே மாதிரி நாற்காலிக்கு ஆறு வருஷம் காத்திருந்தேன். எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் கார்டை இரண்டு தடவை புதுப்பிச்சாச்சு. என் பையன் பி.இ. அவன் எழுதுவது குரூப் ஃபோர் பரீட்சை! அதுக்குக் கேட்கிற படிப்பு என்னவோ பத்தாவதுதான். (சிரிப்பு) 2022-ல் முதலில் அறிவித்த இடம் 7,301. விண்ணப்பம் 20 லட்சத்துக்கு மேல்!

1984-க்குப் பிறகு தனியார் இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஆபீசில் நாற்காலி அந்த வேகத்தில் வரவில்லை. உடனே எதிரணி கைதட்ட வேண்டாம்! சர்க்கார் கணக்கெடுப்பில் படிக்காதவர்களைவிடப் பட்டதாரிகளிடம்தான் வேலையில்லாத் திண்டாட்டம் அதிகம், வாஸ்தவம். ஏன்? வீட்டில் சோறு இருக்கிறவன் நல்ல வேலைக்குக் காத்திருக்கலாம். இல்லாதவன் சித்தாள் வேலைக்காவது போயிடறான். அவனை "வேலையில் இருப்பவர்" என்று எழுதிக்கொள்கிறார்கள்.

சரி, பத்தாவதுக்காரன் இடத்தில் பி.இ. வந்து உட்கார்ந்தால், எட்டாவது படித்தவள் எங்கே போவாள்?

என் அக்கா எட்டாவது. என்னைவிடக் கணக்கில் கெட்டி. "பொம்பளைப் பிள்ளைக்குப் போதும்" என்று அப்பா நிறுத்திட்டார். அத்தான் காலமான பிறகு அவர் ஆபீசிலேயே வாரிசு வேலை கொடுத்தார்கள். பத்தாவது பாஸ் என்றால் கிளார்க்; எட்டாவது என்பதால் பியூன். இருபது வருஷம் அந்த மேஜைகளுக்கு டீ கொண்டுபோய் வைத்தாள். வைக்கும்போதே, நின்றபடி, "சார், மூணாவது வரியில கூட்டல் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போவாளாம்.