கள்ளும் பியரும்

சில மாதங்களுக்கு முன் ஆசிரியர் பயிற்சி வகுப்பொன்றில் இளம் ஆசிரியர் ஒருவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். “ஐயா, அதியமானும் ஔவையாரும் கள்ளுண்டதைப் புறநானூறு பெருமையாகப் பாடுகிறது. தோட்டத்தில் நம் பாட்டன்மார் கள்ளுண்டதை மட்டும் நாம் ஏன் வெட்கத்தோடு பேசுகிறோம்?” என்றார். வகுப்பில் சிலர் நகைத்தனர். எனக்கோ நகை வரவில்லை. அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை.

தானியத்தை ஊறவைத்துப் பானம் செய்யும் கலை மிகத் தொன்மையானது. மெசொப்பொத்தேமியாவில் நின்காசி என்னும் தெய்வத்தைப் போற்றும் பாடலொன்று, ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முன் களிமண் பலகையில் எழுதப்பட்டது. பியர் செய்யும் முறையே அதன் பொருள். பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டத் தொகுதியில் மதுக்கடை நடத்துவோர்க்கெனத் தனி விதிகள் உள்ளன. எகிப்தில் பிரமிடு கட்டிய தொழிலாளர் ரொட்டியையும் பியரையும் கூலியாகப் பெற்றனர். கூலிக்கும் மதுவுக்கும் உள்ள உறவு அன்றே தொடங்கிவிட்டது என்பதை ஈண்டு நினைவில் வைத்தல் வேண்டும்.

நம் முன்னோரும் இக்கலையில் பின்தங்கியவரல்லர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் மது ஆக்கும் முறை விரிவாகக் கூறப்படுகிறது. அரிசிக் களியைத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, நெல்முளை சேர்ந்த அடையை அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து முதிரச் செய்து, பின் வடித்தெடுத்தனர். தானியத்தில் இருப்பது மாவுப்பொருள். அது நேரே மதுவாகாது. முளைவிடும் தானியத்தில் தோன்றும் நொதிகளே அம்மாவைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. மேனாட்டார் வாற்கோதுமையை முளைக்க வைத்துச் செய்ததைத் தமிழர் நெல்லைக் கொண்டு செய்தனர். ஆதலின் சங்க காலத்துத் ‘தோப்பி’யை நெல்லால் ஆன பியர் என்று சொன்னால் அது மிகையாகாது. இன்று கள் என்றவுடன் தென்னையும் பனையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அன்று அச்சொல்லின் பொருள் இன்னும் விரிந்திருந்தது.

ஐரோப்பாவில் இக்கலை வேறு வழியில் வளர்ந்தது. ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் பியர் நெடுநாள் கெடாதிருக்கும் என்பதை அவர்கள் கண்டனர். 1516இல் பவேரிய அரசு, வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் பியரில் சேர்த்தலாகாது என்று ஆணையிட்டது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அவ்வாணையில் இடம்பெறவில்லை. அப்படி ஒன்று உண்டென்பதே அக்காலத்தார்க்குத் தெரியாது. லூயி பாஸ்டர் 1876இல் பியரைப் பற்றிய தம் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். 1883இல் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் ஒரே வகை ஈஸ்டைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். அதன்பின் பியர் பேராலைத் தொழிலாயிற்று. மிதவையிலும் கப்பலிலும் ஏறிக் கீழ்த்திசைக்கும் வந்தது. 1932இல் சிங்கப்பூரில் டைகர் பியர் விற்பனைக்கு வந்தது. மலேசியாவில் 1965இல் சுங்கைவேயில் கின்னஸ் ஆலையும், 1972இல் ஷா ஆலாமில் கார்ல்ஸ்பர்க் ஆலையும் எழுந்தன.

இனி, தென்னங்கள்ளை நோக்குவோம். பாளையைக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் சீவினால் சாறு சொட்டும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிடின், காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் மரத்தின் மேலேயே தன் வேலையைத் தொடங்கிவிடும். இறக்கும்போதே அது கள். மறுநாள் கடும்புளிப்பு; பின்னர் காடி. கள்ளின் வெறிப்பொருள் பொதுவாக நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு. சாதாரண பியரின் அளவும் ஏறத்தாழ அதுவே. எனவே வீரியத்தில் இரண்டும் உடன்பிறப்புகள். பியர் நாடு கடந்து செல்லும். கள்ளோ இறக்கிய இடத்திலேயே செலவாக வேண்டும். வேறுபாடு இவ்வளவே.

மரத்தின் இவ்வியல்பைத் தோட்ட முறை தனக்கு ஏற்பப் பயன்படுத்திக்கொண்டது. லயங்களுக்கு அருகே, உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் தோட்டந்தோறும் தோன்றின. பல தோட்டங்களில் நிர்வாகமே கடையை நடத்தியது. கள் கிடையாவிட்டால் தொழிலாளர் கள்ளச் சாராயத்தை நாடுவர் என்பது துரைமார் கூறிய காரணம். அதில் ஓரளவு உண்மையும் இல்லாமலில்லை. ஆயினும் ஒரு கையால் கொடுத்த கூலி மறு கையால் திரும்பப் பெறப்பட்டது என்பதை மறுக்க இயலாது. கடையின் இலாபத்தில் ஒரு பகுதி தொழிலாளர் நலனுக்கென ஒதுக்கப்பட்டதும் உண்டு. குடித்தவனின் காசில் கோயில் திருவிழாவும் பிள்ளைகளின் விளையாட்டும் நடந்தன!

இந்நிலையைத் தொழிலாளர் வாய்மூடி ஏற்றுக்கொள்ளவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. அவ்வேலைநிறுத்தம் படைவலியால் அடக்கப்பட்டது. போருக்குப் பின், 1946, 1947 ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். தமிழகத்திலோ 1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜியின் ஆட்சி மதுவிலக்கைத் தொடங்கியது. அங்கே அரசு சட்டத்தால் செய்ய முயன்றதை இங்கே கூலித் தொழிலாளர் தம் உடம்பை முன்னிறுத்திச் செய்தனர். தமிழன் பிறவியிலேயே குடியன் என்று பேசுவோர் இவ்வரலாற்றை அறியாதவரே.

நான் பணியாற்றும் லுக்குட் பழமையான ஈய ஊர். 1878ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சிலாங்கூரிலிருந்து பிரிந்து சுங்கை ஊஜோங்குடன் சேர்ந்தது. ஈயத்திற்குப் பின் இரப்பர் வந்தது. இரப்பருக்குப் பின் செம்பனை வந்தது. செம்பனையின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவில் அம்மரத்திலிருந்தும் கள் இறக்குகின்றனர். இங்கே அதை இறக்குவார் இல்லை. கள்ளுக்கடைகள் மறைந்தன, அவ்விடத்தைச் சம்சுவும் தகரக் குவளைப் பியரும் பிடித்துக்கொண்டன.

என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். சம்பள நாளன்று மாலையில், கள்ளுக்கடைக்குச் செல்லும் மண்பாதையின் முனையில் என் தாயார் என்னைக் கைப்பிடித்துக்கொண்டு நிற்பார். தந்தையார் அங்குத் திரும்புமுன் அரிசிக்குரிய பணத்தை வாங்கிவிட வேண்டும் என்பது அவர் கவலை. சில மாதங்களில் வாங்கினார். சில மாதங்களில் வெறுங்கையோடு வீடு திரும்பினோம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததன் தேவையை நான் நூலில் படிக்குமுன் அப்பாதையில் படித்தேன்.

இளம் ஆசிரியரின் வினாவுக்கு என் விடை இதுதான். அதியமானின் கள் விருந்தாகப் பகிரப்பட்டது. உள்ளது சிறிதாயின் தான் உண்ணாமல் புலவர்க்கு ஈந்தான் என்பதே ஔவையார் கண்ட பெருமை. தோட்டத்துக் கள்ளோ, கூலி கொடுத்தவரிடமே காசு கொடுத்து வாங்கியது. அதை விற்றவர் வெட்கப்படாதபோது, வாங்கி அழிந்தவரின் பேரர் மட்டும் வெட்கப்பட வேண்டுவதில்லை. ஆயினும் பெருமைப்படவும் அதில் ஒன்றுமில்லை. ஆசிரியர்கள் மாணவர்க்கு இரண்டையும் மறையாமல் சொல்லுதல் வேண்டும். சங்கச் சாடியை மட்டும் காட்டிக் கள்ளுக்கடையை மறைப்பது வரலாறு ஆகாது. மறியல் செய்த தொழிலாளரை மறப்பதும் ஆகாது. பாதை முனையில் காத்து நின்ற தாய்மாரும் நம் வரலாற்றில் இடம்பெற வேண்டியவரே.