காவலும் உட்பகையும்

மனித உடலைக் கோட்டைக்கு ஒப்பிடுவது பழைய வழக்கம். அக்கோட்டைக்குள் உலவும் காவலரின் இயல்பு 1882ஆம் ஆண்டில் தெளிவுபெறத் தொடங்கியது. இத்தாலியின் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்த உருசிய அறிஞர் மெச்னிக்கோவ், நட்சத்திரமீனின் இளவுயிரி ஒன்றில் சிறு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நகரும் உயிரணுக்கள் பல அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. அயற்பொருளை விழுங்கி அழிக்கும் அவற்றை விழுங்கணுக்கள் என்கிறோம். இக்கண்டுபிடிப்புக்காக 1908இல் நோபல் பரிசை அவர் பால் எர்லிக்குடன் பகிர்ந்துகொண்டார்.

புற்றுநோயையும் இக்காவலர் அடக்குவர் என 1909இல் எர்லிக் கருதினார். 1950களில் ஆஸ்திரேலிய அறிஞர் பர்னெட் அக்கருத்தை விரித்துரைத்தார். காவலணுக்களைக் கட்டிவைக்கும் தடையை நீக்கினால் அவை புற்றை எதிர்க்கும் என்று காட்டிய ஆலிசனும் ஹோஞ்சோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆயினும் காவலர் அனைவரும் எப்போதும் காவலராகவே இருப்பதில்லை. உட்பகைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். நுரையீரலிலும் அத்தகைய நிலை உண்டு. ஆங்கு நிலையாகக் குடியிருக்கும் விழுங்கணுக்கள் தூசியையும் கிருமியையும் அகற்றுவன. புகைப்பவரிடத்தே கரித்துகளைச் சுமந்து கறுத்துப்போவன. 2021இல் நியூயார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, புற்று முளைவிடும் பருவத்தில் இவ்வணுக்கள் அதனருகே திரள்கின்றன. அது பரவும் தன்மை பெறத் துணைபோகின்றன. எதிர்ப்பைத் தணிக்கும் வேறு வகை வெள்ளையணுக்களையும் பெருக்குகின்றன. எலிகளில் இவ்விழுங்கணுக்களை நீக்கியபோது, புற்றைக் கொல்லும் அணுக்கள் மிகுந்தன. கட்டியின் வளர்ச்சி குன்றியது. கட்டி பெருத்த பின்னரோ இவை ஓரத்திற்கு ஒதுங்க, குருதிவழி வந்த வேறு விழுங்கணுக்கள் நடுவிடத்தைப் பிடிக்கின்றன. எனவே, தொடக்கத்தில் நிகழ்வது வேறு. முற்றிய பின் நிகழ்வது வேறு.

முளையிலேயே தேடுக என்னும் பாடம் கிள்ளானுக்குப் புதிதன்று. கோலாலம்பூரில் இன்றுள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திற்கு 1900இல் வித்திடப்பட்டது. அடுத்த ஆண்டில் கிள்ளானுக்கு மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். மலேரியாவால் மக்கள் மடியக் கண்ட அவர், மருந்து கொடுப்பதோடு நில்லாது, கொசு பிறக்கும் சதுப்பு நிலத்தின் நீரை வடிக்கச் செய்தார். கிள்ளான் நகரும், அன்று போர்ட் சுவெட்டன்ஹம் எனப்பட்ட துறைமுகமும் பிழைத்தன. அந்நோய்க்கு இரையானோருள் நம் தமிழ்த் தொழிலாளர் பலர் என்பதை மறத்தலாகாது.

நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோயாளருள் மிகப் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் நிலைகளிலேயே கண்டறியப்படுகின்றனர். முளைப்பருவத்தைப் பற்றிய புது அறிவு, முற்றிய பின் வருவோர்க்கு எவ்வளவு பயன்படும்? குறைந்த கதிரளவில் எடுக்கும் சி.டி. படம், நெடுங்காலம் மிகுதியாகப் புகைத்தோரிடையே இந்நோயால் நேரும் இறப்பைக் குறைக்கிறது என 2011இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2024 அக்டோபர் முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் கடைவாயில் வரை வரும். வீட்டு வாயிலுக்குள் செய்தியைக் கொண்டுசெல்வோர் மாணவரே. அவர்க்கு அதனை விளங்கவைப்பது ஆசிரியர் கடன்.